கையிருப்பிலுள்ள சிரிப்பு

புகைப்படம் பொய் பேசாது என்பது அக்காலத்தில் கற்றோரும் கல்லாதோரும் ஒருமித்து ஏற்றுக்கொண்ட கருத்தாகும். ஆயினும், திருக்கோணமலைத் துறைமுகத்தில் யுத்தம் வந்து இறங்கியபோது, அது உண்மை பேசுவதும் அத்துணை விரும்பத்தக்கதன்று என்பதை மேலிடத்தார் கண்டுகொண்டனர். ஒரு பொருள் பொய்யும் பேசாமல் உண்மையும் பேசாமல் இருக்க வேண்டுமாயின், அதனைப் பழக்குவதற்கு ஒரு காரியாலயம் தேவைப்படும். அவ்வாறு தோன்றியதே படத்திருத்தக் காரியாலயம்.

கடலைப் பார்த்திருந்த ஒரு வர்த்தகரின் மாடிவீட்டில் அது அமைக்கப்பட்டது. முதல் வேலையாகக் கடற்பக்கத்து யன்னல்கள் யாவும் பலகை அடித்து மூடப்பட்டன; ஏனெனில் கடல் ஓர் இராணுவ இரகசியமாகும். பத்திரிகைக்குப் போகும் படத்தில் கப்பல் நின்றால் கப்பலை அழித்தார்கள். கப்பல் போனபின் கடல் மட்டும் எதற்கு என்று கடலையும் அழித்தார்கள். கொழும்பிலிருந்து பத்திரிகை பார்த்தவர்கள் திருக்கோணமலையை ஒரு மேட்டுநிலம் என்று எண்ணியிருந்தால், அது அவர்கள் குற்றமன்று. கடலோரத்துக் கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறையை எதிரி விமானி அடையாளம் கண்டுகொள்வான் என்று அஞ்சி, அதனைத் தூரிகையால் தடவி மேகமாக்கினர். அடியார்கள் ஒரு மேகத்துக்குத் தேங்காய் உடைப்பதுபோல் அப்படம் வெளிவந்தது. 

இப்படியொரு காரியாலயம் இவ்வுலகில் உண்டென்பது சிவக்கொழுந்துக்குத் தெரியாது. அவள் கணவன் கோணாமலை சல்லி என்ற ஊரின் கரையில் வலையிழுத்தவன். யுத்தம் வந்தபின் சீனன்குடா விமானத்தளத்தில் கூலிக்குச் சேர்ந்தான். சித்திரை மாதத்தில் யப்பானியர் குண்டு போட்ட அன்று காலையில் வழக்கம்போல வேலைக்குப் போனவன், மாலையில் வழக்கம்போல வரவில்லை. எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை நாட்கணக்காக வானத்தை விட்டு இறங்கவில்லை. ஊரே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு வடக்கே ஓடிற்று. அவளும் ஓடி, திரியாயில் கணவனின் தமையனார் இராசநாயகம் வீட்டில் ஒதுங்கினாள்.

இராசநாயகம் பத்திரிகையில் அசையாத பக்தி உடையவர். மழை பெய்கிறதா என்று அறிய முற்றத்தைப் பாராமல் பத்திரிகையைப் பார்ப்பவர். தம்பியைப் பற்றி விமானத்தளத்துக் கங்காணியிடம் பலமுறை விசாரித்தும் பயன் கிட்டவில்லை.

"இருக்கிறவன் வருவான். வராதவனைப் பற்றிக் கதைக்க எனக்கு உத்தரவில்லை," என்று மட்டும் கங்காணி சொன்னார்.

கடைசியில் இராசநாயகம் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டார். "தம்பி போயிட்டான், பிள்ளை. உடம்பு கிடைக்கேல்லை எண்டாலும் செய்ய வேண்டியதைச் செய்யத்தானே வேணும்," என்றார். குருக்களைக் கண்டு, தர்ப்பையில் உருவஞ்செய்து தகனம் பண்ணவும் அந்தியேட்டி என்னும் ஈமக்கிரியையை முடிக்கவும் நாள் குறித்தார். நாள் குறித்த அன்றே குச்சவெளி வழியாக வந்த பஸ்ஸில் பத்திரிகையும் வந்தது.

அதன் முதற் பக்கத்தில் ஒரு படம். கூலியாட்கள் சிலர் மண்வெட்டியோடு ஒரு வீதியைத் திருத்துகின்றனர். நடுவில் நிற்பவன் பல் தெரியச் சிரிக்கின்றான். "போரின் நடுவிலும் புன்னகை: கீழைத் துறைமுகமொன்றில் நமது தொழிலாளர், சென்ற கிழமை" என்று கீழே அச்சிட்டிருந்தது. சிரித்தவன் கோணாமலை.

வீடு அழுதது, சிரித்தது, பால் காய்ச்சியது. குருக்கள் பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டு, "மேலிடத்து அனுமதியோடை சிரிக்கிற மனுசனுக்கு எள்ளுந் தண்ணியும் இறைக்க ஏலாது," என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆனால், சிரித்தவன் வரவில்லை. வைகாசி வந்தது, அவன் வரவில்லை. கிணற்றடியில் பெண்கள் வாளியை மெதுவாக இறக்கத் தொடங்கினர். மெதுவாக இறக்கினால் கூடுதலாகக் கதைக்கலாம்.

"பேப்பருக்கு வரத் தெரிஞ்சவருக்கு வீட்டை வர வழி தெரியேல்லையாமோ?"

"அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தெரியேல்லையே? ஆரோ ஒருத்தி நல்லாச் சமைச்சுப் போடுறாள்."

சிவக்கொழுந்து காலையில் எழுந்து பொட்டு வைப்பாள். எவனுக்காக வைக்கிறேன், இருக்கிறவனுக்கா, ஓடிப்போனவனுக்கா, செத்தவனுக்கா என்று கண்ணாடியைக் கேட்பாள். தாலி கழுத்தில் இருந்தது. அது எதைக் குறிக்கிறது என்பதை மட்டும் அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நாள் அவள் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு, "பெரியத்தான், இந்தப் படம் எடுத்த ஆக்களிட்டைப் போய்க் கேப்பம். உயிரோடை இருந்தால் எங்கையெண்டு சொல்லட்டும். இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லட்டும்," என்றாள். அவ்வண்ணமே இருவரும் பஸ் ஏறி, பட்டினத்தில் விசாரித்து விசாரித்துப் படத்திருத்தக் காரியாலயத்தை அடைந்தனர்.

காரியாலயத்து வாங்குப் பலகையில் அவர்களுக்கு முன்னரே ஒருவர் இருந்தார். கிண்ணியாவைச் சேர்ந்த அபூதாஹிர். சாரனுக்கு மேல் சிறு பை வைத்த அகலமான இடைவார் கட்டியிருந்தார். கதிரையில் பிரதம படத்திருத்தாளர் திருவாளர் பேரின்பநாயகம் வீற்றிருந்தார். அபூதாஹிர் எழுந்து நின்று அவரோடு வழக்காடிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒடம்பு என்ட ஒடம்பு. இந்த இடுப்பு வாரப் பாத்து ஊரே கண்டுபுடிச்சிட்டு. தலய மட்டும் மாத்திப் போட்டிரிக்கீங்க. இந்தத் தல எனக்கு வேணாம். எடுத்துடுங்க."

"உமது சொந்தத் தலை சிரிக்கவில்லை," என்றார் பேரின்பநாயகம் பொறுமையாக. "சிரியாத தலையை யுத்தகாலத்தில் அச்சேற்ற இயலாது. ஆகையால் சிரிக்கும் தலையொன்று உமக்கு இலவசமாக வழங்கப்பட்டது. அதில் என்ன குறை கண்டீர்?"

"குறை ஒண்டுமில்ல. நல்ல மனுசன்ட தல. அதனாலதான் வேணாமெண்டுறன்."

சிவக்கொழுந்து கையிலிருந்த பத்திரிகையை விரித்தாள். நடுவில் நின்றவனின் இடுப்பில் அகன்ற இடைவார் இருந்தது. கோணாமலை ஒருநாளும் வார் கட்டியவனல்லன். சாரனை முடிந்து செருகுவான். முகத்தையே பார்த்துக் கொண்டாடிய வீட்டில் இடுப்பை ஒருவரும் பார்க்கவில்லை.

"அது என்ர மனுசன்," என்றாள்.

அபூதாஹிர் திரும்பினார். அவளையும் அவள் நெற்றிப் பொட்டையும் பார்த்தார். பிறகு வாங்கில் அமர்ந்துவிட்டார்.

பேரின்பநாயகம் மகிழ்ச்சியடைந்தார். "ஆகா, முகத்தின் குடும்பத்தினரா? அமருங்கள்."

"ஐயா, இவர் உயிரோடை இருக்கிறாரோ?"

"அம்மணி, இது நுட்பமான கேள்வி. உயிரோடிருக்கும் தொழிலாளர் தொகை ஓர் இராணுவ இரகசியமாகும். இறந்தவர் தொகையும் அவ்வாறே. நான் உமக்கு ஒருவரைப் பற்றிச் சொன்னால், எதிரியானவன் அந்த ஒன்றைக் கழித்துப் பார்த்து மீதியை அறிந்துகொள்வான். உமது கணவர் பொருட்டு முழுத் தீவையும் நாம் பணயம் வைக்கலாமா?"

"ஏலாதுதான், ஐயா," என்றார் இராசநாயகம் பணிவுடன்.

"சென்ற கிழமை எடுத்த படமெண்டு போட்டிருக்கே," என்றாள் அவள்.

"படம் சென்ற கிழமைக்கு உரியது. முகம் சற்றே முந்தியது." அவர் மணியை அடித்தார். "ஜவாஹிர்!"

விரலெல்லாம் வெள்ளை மை படிந்த ஒரு மெலிந்த மனிதர் உள்ளறையிலிருந்து வந்தார். யுத்தத்துக்கு முன் பட்டினத்தில் சொந்தமாகப் படக்கடை வைத்திருந்தவர். இப்போது காரியாலயத்தின் தூரிகை அவர் கையில் இருந்தது. சிவக்கொழுந்து யாரென்று கேட்டதும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"விமானத்தளத்து நுழைவுப் பாஸுக்கு எல்லாத் தொழிலாளரையும் நான்தான் படம் புடிச்சனான், அம்மா. பாஸ் படத்தில சிரிக்கக்கூடாதெண்டு உத்தரவு. இவர் மட்டும் சிரிச்சிட்டார். அந்தக் கண்ணாடித் தகட்டக் கழிச்சு வச்சிட்டு வேறொண்டு எடுத்தன்."

"ஏன் சிரிச்சவர்?"

"நான் கமராவுக்குப் பின்னால கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டன். 'உள்ள போறவர் திரும்பி வருவாரோ' எண்டு கேட்டுப்போட்டு, தானே சிரிச்சார்."

அது அவன் பகிடிதான். அவள் அதனை உடனே அறிந்துகொண்டாள்.

"குண்டு விழுந்த பிறகு ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை," என்று பேரின்பநாயகம் தொடர்ந்தார். "மேலிடமோ சிரிப்பைக் கேட்கின்றது. அந்நெருக்கடியில் எங்களைக் காத்தது உமது கணவரின் கழிக்கப்பட்ட தகடு. பாரும்!"

அவர் படங்கள் ஒட்டிய ஒரு பெரிய அல்பத்தைத் திறந்தார். வயலில் நாற்று நடும் கமக்காரன். அவனுக்குக் கோணாமலையின் சிரிப்பு. பஸ் ஓட்டுபவன், அதே சிரிப்பு. பால்காரன், தொண்டர் படையாள், யானைப்பாகன், தீயணைப்போன். அதே பல், கன்னத்தில் அதே குழி. காக்கிச் சட்டைக்குள்ளிருந்தும் சிரித்தான், தலைப்பாகைக்குக் கீழிருந்தும் சிரித்தான்.

"இத்தீவில் உமது கணவரைப்போல் இத்தனை இடங்களில் ஒரே வேளையில் கடமையாற்றுபவர் வேறெவருமிலர்."

"தம்பி பஸ்ஸும் ஓட்டினவனோ?" என்று இராசநாயகம் வியந்தார்.

மேசையிலிருந்த உருப்பெருக்குக் கண்ணாடியைச் சிவக்கொழுந்து கேளாமலே எடுத்துப் பத்திரிகைப் படத்தின்மீது பிடித்தாள். கண் இருந்த இடத்தில் கண் இல்லை, கரும்புள்ளிகள். வாய் இருந்த இடத்திலும் புள்ளிகள். இன்னும் நெருங்கிப் பார்த்தால் ஏதாவது கிடைக்குமென்று குனிந்தாள். நெருங்க நெருங்க அவன் உதிர்ந்து போனான்.

"அருகிற் பார்க்கலாகாது, அம்மணி," என்று பேரின்பநாயகம் கண்ணாடியை மெல்ல வாங்கிக்கொண்டார். "அச்சுப்படம் தூரத்தில் நின்று நம்புவதற்காகச் செய்யப்பட்டது."

"அப்ப அவர் எங்கை?"

"இக்காரியாலயத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது அந்தக் கேள்வி ஒன்றுதான்."

அவள் கைகூப்பினாள். "ஐயா, ஒரு வரி போடுங்கோ. இது பழைய முகமெண்டு பேப்பரிலை ஒரே ஒரு வரி. அதைக் காட்டினால் குருக்கள் சடங்கைச் செய்வார். நான் எதாவது ஒண்டாய் இருந்திட்டுப் போறன்."

பேரின்பநாயகம் எழுந்து நின்றார். கதிரையிலிருந்து சொல்லத்தக்க விடயமாக அது அவருக்குத் தோன்றவில்லை.

"அம்மணி! ஒரு முகத்தைப் பழையது என்று நாம் ஒப்புக்கொண்டால், மக்கள் மற்ற முகங்களையும் பார்க்கத் தொடங்குவார்கள். முகத்தைப் பார்ப்பவர்கள் நாளை வீதியைப் பார்ப்பார்கள். வீதியைப் பார்ப்பவர்கள் அதற்கடியில் என்னவென்று கேட்பார்கள். பார்க்கும் பழக்கம் ஒரு சனத்துக்கு வந்துவிட்டால், பின்னர் எந்தச் சேனையாலும் அதனைக் காப்பாற்ற முடியாது. எமது படங்களால் இதுவரை ஒருவரேனும் துயரமுற்றதாக முறைப்பாடு வந்ததில்லை. வந்த முறைப்பாடுகளை நாம் ஏற்றுக்கொண்டதுமில்லை. உமது கணவர் சிரிக்கின்றார். அவர் சிரிப்பதை மேலிடம் அங்கீகரித்துள்ளது. அங்கீகாரம் பெற்றுச் சிரிக்கும் ஒருவர் இறப்பது சட்டவிரோதமாகும்."

அபூதாஹிர் வாங்கிலிருந்து, "அது வீதி இல்ல," என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீர் சத்தியம் செய்து கையொப்பமிட்டிருக்கிறீர், அபூதாஹிர்," என்றார் பேரின்பநாயகம் திரும்பிப் பாராமலே. "அது என்ன?"

அபூதாஹிர் தலையைக் குனிந்தார்.

"வீதி, ஐயா."

பேரின்பநாயகத்துக்கு அப்போது ஒரு நல்ல யோசனை உதித்தது. முகத்துக்குரியவனின் மனைவி கையில் பத்திரிகையுடன்! "கணவரின் படங்கண்டு பூரிக்கும் பாரியார்" என்று தலைப்பையும் அங்கேயே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். அவளைச் சுவரோடு நிறுத்தினார்கள். ஜவாஹிர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார்.

"சிரியும்," என்றார் பேரின்பநாயகம்.

அவள் கமராவைப் பார்த்து நின்றாள். முகத்தில் ஓர் அசைவுமில்லை. இராசநாயகம், "கொஞ்சம் சிரி பிள்ளை, ஐயா சொல்லுறார்," என்று கெஞ்சினார். அவள் சிரிக்கவில்லை.

"பாதகமில்லை. எடும்," என்றார் பேரின்பநாயகம். "சிரிப்பு எங்களிடம் கையிருப்பில் உண்டு."

வெளியே, பஸ் நிற்கும் இடத்து வாகைமர நிழலில், அபூதாஹிர் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றார். துவக்கோடு நின்ற காவலாளி தூரத்தில் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டார்.

"தங்கச்சி, கோணாமலையும் நானும் ஒரே கங்காணிட ஆக்கள். அது ரோட்டு இல்ல. குழி. குண்டு போட்டு மறுநாள் எங்களக் கொண்டு வெட்டின குழி. படத்தில அதுக்கு மேல தார் பூசிரிக்கானுகள். நான்தான்..." அவர் நிறுத்தி, மூச்சு வாங்கினார். "நான்தான் அவரத் தூக்கிக் கொண்டு போய் வச்ச. குழிக்குப் பக்கத்தில நான் நிக்கிறன். என்ட கழுத்துக்கு மேல அவர்ர தலய வச்சிரிக்காங்க. எப்புடிப் புள்ள நான் நித்திர கொள்ற?"

சிவக்கொழுந்து மரத்தைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. 

"கேட்டீங்களோ, பெரியத்தான்?"

இராசநாயகம் கேட்டார். கேட்டும் அவர் தலையசைக்கவில்லை. பஸ் நிலாவெளியைத் தாண்டியபின் பிடிவாதமாகச் சொன்னார்: "ஒரு மனுசன் வாயாலை சொல்லுறான். இஞ்சை அச்சிலை இருக்கு. அச்சை விட்டுட்டு வாயை நம்பி உயிரோடை இருக்கிற தம்பிக்குக் கொள்ளி வைக்கச் சொல்லுறியோ?"

"நீங்கள் நம்பப் பயப்பிடுறியள்," என்றாள் அவள். அவர் பத்திரிகையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

அதன்பின் அவ்வீட்டில் இருவரும் கதைப்பது குறைந்தது. அவள் பொட்டு வைப்பதை நிறுத்தலாமென்று விரலைக் கொண்டுபோவாள். அவர் முற்றத்தில் இருமுவார். அவள் விரலை எடுத்துவிடுவாள். தெரிந்த மரணத்தைத் தெரியாததுபோல் சுமப்பது, தெரியாமல் இருந்ததிலும் பார்க்கப் பாரமாக இருந்தது.

அடுத்த பத்திரிகை வந்த அன்று இராசநாயகம் வழக்கம்போல் அதை முதலில் விரித்தார். விரித்தவர் உரக்க வாசிக்கவில்லை. வெகுநேரமாகியும் சத்தமில்லாததால் சிவக்கொழுந்து குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் பத்திரிகையை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"கணவரின் படங்கண்டு பூரிக்கும் பாரியார்." சிவக்கொழுந்தின் சேலை, அவள் கைகள், அவள் கண்கள், அவள் நெற்றிப் பொட்டு. மூக்குக்குக் கீழே கோணாமலையின் வாய். கோணாமலையின் பல். பெண்முகத்தில் ஓர் ஆணின் கன்னக்குழி.

"நான் பக்கத்திலை நிண்டனான்," என்றார் இராசநாயகம். குரல் அவருடையதாக இல்லை. "நீ சிரிக்கேல்லை. நான் சிரியெண்டு கெஞ்சினனான். நீ சிரிக்கேல்லை. எனக்குத் தெரியும்."

அவர் பத்திரிகையைத் தரையில் வைத்தார். அதன்பின், சிறுபிள்ளை விழுந்தெழுந்து அழுவதுபோல், "தம்பி!" என்று சத்தமிட்டு அழுதார். முதற் படம் வந்த நாளிலிருந்து அவர் அடக்கிவைத்திருந்த அழுகை அது. சிவக்கொழுந்து அவரருகில் வந்து அமர்ந்தாள்.

குருக்கள் முதலில் தயங்கினார். புதிய படத்தைக் காட்டியதும், வெகுநேரம் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "எப்ப செய்வம்?" என்று மட்டும் கேட்டார். பஸ் சாரதி மூலம் கிண்ணியாவில் அபூதாஹிருக்கும் சொல்லியனுப்பினர்.

திரியாய்க் கடற்கரையில், விடிந்து வெயில் ஏறும் வேளையில், தர்ப்பையில் உருவம் கிடத்தப்பட்டது. அபூதாஹிர் மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். இடைவாரின் பையைத் திறந்து ஒரு பிடி செம்மண்ணை எடுத்தார்.

"தளத்து வாசல்ல பையெல்லாம் சோதிப்பானுகள். இடுப்பு வாரத் தொடமாட்டானுகள்," என்றார். "அந்தக் குழி மண். ஒங்கட முறைக்கு இது சரியோ தெரியா. அண்டைக்கு அங்க ஆருமில்ல. நாங்க கொஞ்சப் பேர் ஒரு துஆ ஓதித்தான் மூடின. பிழையெண்டா மன்னிச்சிக்கங்க."

"பிழையில்லை, காக்கா," என்று சிவக்கொழுந்து அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள். "ஒருத்தராவது ஓதி அனுப்பினியளே."

இராசநாயகம் இரு கைகளாலும் மண்ணை வாங்கி உருவத்தின் நெஞ்சில் வைத்தார். குருக்கள் மந்திரத்தைத் தொடங்க வாயெடுத்தார். அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"காக்கா, அவரின்ரை முகம் எப்பிடி இருந்தது?"

அபூதாஹிர் கடலைப் பார்த்தார். நல்லதாக ஒன்றைச் சொல்லலாமா என்று அவர் யோசிப்பது தெரிந்தது. பிறகு சொன்னார்:

"சிரிக்கல்ல, தங்கச்சி. நெத்தியச் சுருக்கிக்கிட்டு இருந்தார். ஒரு பக்கம் நெருப்புப் பட்டிருந்திச்சு. வாய் கொஞ்சம் திறந்து, ஆரயோ கூப்புடப் போன மாதிரி."

அவள் கண்களை மூடினாள். அந்த முகத்தை, அவர் சொன்னபடியே, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னர் புறங்கையால் நெற்றிப் பொட்டைத் துடைத்தாள்.

"தொடங்குங்கோ, ஐயா," என்றாள்.